அறுபது வயது ஹெரால்டில் ஒரு கீச்சுச் சத்தம்

எங்கள் காருக்கு இந்த வருஷம் அறுபது வயது நிறைந்தது.

சிரிக்காதீர்கள். மனுஷனுக்கு அறுபது வந்தால் மாலை மாற்றி, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடுகிறோம். அறுபது வருஷமாக வீட்டையே சுமந்த வண்டிக்கு ஒன்றும் கிடையாதா? அதனால் ஆயுத பூஜையோடு சேர்த்து எங்கள் ஹெரால்டுக்கு அறுபதாம் கல்யாணம் என்று நாங்களே அறிவித்துவிட்டோம். ஹோமம், புரோகிதர் என்றெல்லாம் போகவில்லை. மாலை கொஞ்சம் பெரிது, சுண்டல் கொஞ்சம் அதிகம்... அவ்வளவுதான். மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் பூக்காரம்மா, "இவ்ளோ தடி மாலையா? யாருக்கும்மா?" என்று கேட்டார். "காருக்கு" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உதிரிப்பூவில் ஒரு கை அள்ளிச் சும்மாவே பையில் போட்டார்.

ஹெரால்டைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. க்ரீம் கலர், இரண்டே கதவு. இதன் பானெட் மற்ற கார்களைப் போல் மேல் மூடி மட்டும் திறப்பதில்லை. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து முகம் முழுக்க அப்படியே முன்பக்கமாகக் கவிழும். கவிழ்த்துவிட்டால் முன் டயர் மேல் ஜம்மென்று உட்கார்ந்து, இன்ஜினில் வேலை பார்க்கலாம். எங்கள் வீட்டில் அந்த டயருக்குப் பெயர் சோபா.

அந்த சோபாவில் உட்காரும் உரிமை நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரே ஆளுக்குத்தான். என் வீட்டுக்காரர் மூர்த்தி. ஆமாம், இந்தப் பக்கத்தில் வாராவாரம் என்னிடம் வறுபடுகிறாரே, அவரேதான். பாவம் அந்த மனுஷர் என்று ஒரு வாசகிகூட என்னைக் கோபித்துக்கொண்டார். அம்மா, இந்த வாரம் அடுப்பை அணைத்துவிட்டேன். இது பெருமைப் பத்தி.

மூர்த்தி வேலை பார்த்தது மோட்டார் செய்யும் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில். செய்து முடித்த மோட்டாரை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்பதுதான் வேலை. இவர் 'போகலாம்' என்றால் அது லாரி ஏறும், 'வேண்டாம்' என்றால் திரும்பிப் போகும். ரிட்டயர் ஆன பிறகும் அந்தக் காதுக்கு ஓய்வில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கார் வைத்திருக்கும் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் கூடுவார்கள். காபி, தட்டு இட்லி, ஊர்க்கதை. அப்புறம் யாராவது ஒருவர் பானெட்டைத் திறந்து, "சார், கொஞ்சம் கேளுங்க" என்பார். இவர் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். டாக்டரிடம் நாக்கை நீட்டிவிட்டு நிற்பவர் மாதிரி கார்க்காரர் பக்கத்தில் நிற்பார்.

"செகண்ட் டாப்பெட் லூஸு." "வாட்டர் பம்ப் பேரிங்." தீர்ப்பு வந்துவிடும். எனக்குத் தெரிந்து தப்பியதில்லை.

சரி, கல்யாணத்துக்கு வருவோம்.

பூஜைக்கு முதல் நாள் காரைத் துடைக்கிறேன் என்று இறங்கியவர் டிஸ்ட்ரிப்யூட்டரையும் திறந்துவிட்டார். அது என்ன என்கிறீர்களா? இன்ஜின் பக்கவாட்டில், கறுப்பு மூடி போட்டு, தலையில் ஐந்து வயரோடு நிற்கும் ஒரு சின்னப் பெட்டி. நான்கு சிலிண்டருக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பங்கு போடும். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி... ஓர் இலையை விட்டுவிட்டாலும் முணுமுணுப்பு வந்துவிடும். வருஷா வருஷம் அதன் மூடிக்கு வெளியே ஒரு பொட்டு வைப்பதுதான் வழக்கம். இந்த வருஷம் அறுபதாயிற்றே! மூடியைக் கழற்றி, உள்ளே பெட்ரோல் துணியால் பளபளவென்று துடைத்து, பூஜையன்று காலையில் ஒரு சிட்டிகைத் திருநீறும் போட்டுவிட்டார்.

"உள்ளேயா?" என்று கேட்டேன்.

"நெருப்பு பொறக்குற இடமே அதான், ஜெயா. வெளியில வெச்சா போதுமா?" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. நான் தட்டை நீட்டினேன். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி தெருமுனை வரை போய் வந்தது. எல்லோரும் சுண்டல் சாப்பிட்டோம்.

நாலைந்து நாள் கழித்து அவருடன் பாங்குக்குக் கிளம்புகிறேன், இன்ஜினிலிருந்து ஒரு சத்தம். கீச்... கீச்... கீச்... ரொம்ப மெல்லிசு. அணில் குஞ்சு மாதிரி.

"என்னங்க, ஏதோ கத்துது" என்றேன்.

"எங்க?"

"முன்னாடி. கீச் கீச்சுன்னு."

ஓரமாக நிறுத்தினார். பானெட்டைக் கவிழ்த்தார். ஸ்க்ரூ டிரைவரை வைத்து, கண்ணை மூடி, இன்ஜின் முழுக்கச் சுற்றி வந்தார். எனக்கோ கீச்சுச் சத்தம் காதைத் துளைக்கிறது. அவர் நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல. க்ளீனா இருக்கு" என்றார்.

இப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'காது கேட்கிறதா இல்லையா உங்களுக்கு?' என்று கேட்டிருக்க வேண்டும். மற்ற விஷயமாக இருந்தால் கேட்டும் இருப்பேன், உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே. ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? என் காதைச் சந்தேகப்பட்டேன். வீட்டுக்கு வந்ததும் தேங்காய் எண்ணெய் காய்ச்சி இரண்டு சொட்டு விட்டுக்கொண்டேன்.

எல்லா வீட்டிலும் இப்படித்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு துறை பிரித்துக் கொடுத்திருக்கிறோம். கேஸ் வாசனை வருகிறதா என்று நான்தான் சொல்ல வேண்டும். பால் கெட்டுவிட்டதா என்றும் நான்தான். கார் என்றால் அவர். அந்தத் துறைக்காரர் 'இல்லை' என்று சொல்லிவிட்டால், கண்ணெதிரில் இருப்பதும் இல்லாமல் போய்விடுகிறது. அவருக்குத் தெரியவில்லை என்று மட்டும் நமக்குத் தோன்றுவதே இல்லை.

என் காது சரியாகத்தான் இருக்கிறது என்று முதலில் சொன்னது மாடி வீட்டு ஷைலஜா. மறுநாள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டே குனிந்து, "ஏன் மேடம், நிம் காரல்லி ஹக்கி கூடு கட்டிதெயா?" என்றார். உங்கள் காரில் பறவை கூடு கட்டியிருக்கிறதா என்கிறார்.

"உங்களுக்கும் கேக்குதா?" என்றேன்.

"ஐயோ, பெட்ரூம் வரைக்கும் கேக்குது."

அன்றைக்குத்தான் எனக்கு லேசாக ஒரு பயம் வந்தது. மாடி பெட்ரூம் வரை கேட்கும் சத்தம், இன்ஜின் மேல் குனிந்து நின்றவருக்கு எப்படிக் கேட்கவில்லை? அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. குக்கர் விசில்கூட அவர் காதில் விழுகிறது, ஆனால் வாஷிங் மிஷின் முடிந்து பீப் பீப் என்று கத்தினால் அசைய மாட்டார். வேண்டுமென்றே செய்கிறார் என்று அதற்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! பேத்தி போனில் பேசினால், "என்னடா கண்ணு, சரியா சிக்னல் இல்ல" என்று சொல்லி என்னிடம் நீட்டிவிடுவார்.

சிக்னல் எல்லாம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மைதானத்துக்குப் போனேன். ஹெரால்ட் கீச் கீச்சென்று போய் நின்றது. எல்லோரும் வந்து கைகுலுக்கினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் அவசரமாக இட்லித் தட்டில் குனிந்துகொண்டார். கார்த்திக் என்று ஒரு பிள்ளை, ஈரோட்டுக்காரர், ஐ.டி.யில் வேலை, நீலக் கலர் பத்மினி கார் வைத்திருக்கிறார். காபி டம்ளரோடு மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

"ஆன்ட்டி, வண்டில ஒரு நாய்ஸ் வருதே... சாருக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் கேக்குதா தம்பி?"

"கேக்குதுங்க. சார்கிட்ட போய் எப்படிச் சொல்றதுன்னுதான்..." இழுத்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி மிச்சத்தையும் சொன்னார். அடுத்த மாதம் எல்லா வண்டிகளும் சேர்ந்து நந்தி மலைக்குப் போகின்றன. கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு ஒவ்வொரு வண்டியையும் மூர்த்தி கேட்டு 'போகலாம்' சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். இந்தத் தடவை பேசாமல் ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் காட்டிவிடலாம் என்று குழுவில் மூத்தவரான நாகராஜ் சொல்கிறாராம். "தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. மலை ரோடு பாருங்க, சேஃப்டி விஷயம்."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவர்கள் சொல்வது சரி. ஆனால் திரும்பிப் பார்த்தேன். அங்கே தள்ளி நின்று, யாருடைய காரிலோ ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கண்ணை மூடியிருந்தார் இவர். அந்தக் காது இல்லையென்றால் இவரிடம் வேறென்ன இருக்கிறது என்று இவரே நினைத்துவிடுவார். அதுதான் எனக்குக் கவலை. அந்த வேலையை மற்றவர்கள் இவரிடமிருந்து சத்தமில்லாமல் பிடுங்குவதற்கு முன்னால் நான் சொல்லியாக வேண்டும். ஆனால் எப்படிச் சொல்வது? நான் சொன்னால் மறுபடியும் ஸ்க்ரூ டிரைவர், மறுபடியும் 'ஒண்ணும் இல்ல'.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நானே கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் மாலை அவர் வாக்கிங் கிளம்பியதும் ஷைலஜாவைக் கீழே கூப்பிட்டேன். ஆக்ஸிலரேட்டர் மிதிக்க ஆள் வேண்டுமே. ஷைலஜா ஓட்டுவது ஆட்டோமேட்டிக் கார். மூன்று பெடலைப் பார்த்ததும், "இதரல்லி யாவுது மேடம்?" என்று இவற்றில் எது என்றே தெரியாமல் காலைத் தூக்கிக்கொண்டார். வலது ஓரம் இருப்பதை மட்டும் தொடுங்கள், மற்ற இரண்டும் இல்லவே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். துப்பட்டாவைக் கழற்றி உள்ளே வைத்தேன்; ஃபேன் சுற்றும் இடத்தில் தொங்கும் துணி ஆகாது. செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் டியூபில் ஒரு முழம் வெட்டி எடுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக சோபாவில் உட்கார்ந்தேன்.

டியூபின் ஒரு முனை என் காதில். மறுமுனையை இன்ஜினில் ஒவ்வோர் இடமாகக் காட்ட வேண்டியதுதான். சத்தம் எங்கே பெரிதாகிறதோ அங்கே கோளாறு. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால்... கல்யாணமான நாளிலிருந்து டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது யார்? டார்ச் பிடிக்கிறவளுக்குக் கண்ணும் காதும் இருக்காதா?

முதலில் ஃபேன் பெல்ட் மேல் சந்தேகம். பெல்ட் என்றால் தண்ணீர் தெளித்ததும் சத்தம் மாற வேண்டும். தெளித்தேன். மாறவில்லை. டைனமோ? அங்கே வெறும் உறுமல். வாட்டர் பம்ப்? அங்கேயும் இல்லை. "ஸ்வல்ப ஜாஸ்தி மாடி" என்று, இன்னும் கொஞ்சம் மிதிக்கச் சொல்லிக் கத்தினேன். ஷைலஜா மிதித்தார். இன்ஜின் வேகம் கூடக் கூட கீச்சும் நெருங்கி நெருங்கி வந்தது. டியூபை அப்படியே இன்ஜின் பக்கவாட்டுக்கு நகர்த்தினேன்.

கீச்சென்று காதுக்குள் ஊசி இறங்கியது. டிஸ்ட்ரிப்யூட்டர்!

டியூபை விலக்கினேன், குறைந்தது. வைத்தேன், குத்தியது. சந்தேகமே இல்லை. நான் டயர் மேல் உட்கார்ந்தபடி கையை உயர்த்த, உள்ளே இருந்து ஷைலஜாவும் கையை உயர்த்தி, அதோடு காலையும் எடுத்துவிட்டார். பரவாயில்லை, வண்டி நின்றிருந்த வண்டிதானே. எங்கள் இருவருக்கும் இருந்த கர்வத்தைப் பார்த்திருந்தால் ஏதோ ராக்கெட் விட்டவர்கள் என்று நினைத்திருப்பீர்கள்.

அடுத்தது கஷ்டமான பாதி. அவரிடம் சொல்வது.

நன்றாக யோசித்தேன். இந்த மனுஷர் மனிதர்கள் சொல்வதை நம்ப மாட்டார். ஆனால் மீட்டர் சொன்னால் நம்புவார். வேலை பார்த்த இடம் அப்படி. காய்ச்சல் என்று நான் தொட்டுப் பார்த்துச் சொன்னால் 'அதெல்லாம் இல்ல' என்பார். தெர்மாமீட்டரைக் காட்டினால் பேசாமல் போய்ப் படுத்துக்கொள்வார். புனேயில் இருக்கும் மகளுக்குப் போன் செய்து, "சத்தத்தைக் கண்ணால பாக்கற மாதிரி ஏதாவது ஆப் இருக்காடி?" என்று கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் அனுப்பி வைத்தாள். நல்ல பெண்.

மறுநாள் மதியம் சாப்பாடு முடிந்து, "கொஞ்சம் வாங்க, ஒண்ணு காட்டணும்" என்று அவரைக் காரிடம் அழைத்துப் போனேன். பானெட்டைக் கவிழ்த்து, இன்ஜினை ஓடவிட்டு, போனை அவர் கையில் கொடுத்தேன். திரையில் வரிசையாகக் கோடுகள். இடது பக்கம் கனத்த சத்தம், வலது பக்கம் மெல்லிய சத்தம். இடது பக்கம் இன்ஜின் உறுமலுக்குக் குட்டையும் நெட்டையுமாகக் கோடுகள் ஆடின. வலது ஓரத்தில் எதுவுமே இல்லாத இடத்தில் ஒரே ஒரு கோடு தனியாக எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது.

"இது என்னது?" என்றார்.

"அதாங்க கீச்சு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. போனை ஃபேன் பக்கம் கொண்டுபோனார், கோடு சுருங்கியது. டிஸ்ட்ரிப்யூட்டர் பக்கம் கொண்டுவந்தார், திரை உயரத்துக்கு எழும்பியது. கார்புரேட்டர் கம்பியைக் கட்டைவிரலால் தள்ளி வேகத்தைக் கூட்டினார். கோடு படபடவென்று துடித்தது. குனிந்து காதை அதன் பக்கத்தில் வைத்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

அப்புறம் போய்ச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். டயர் மேல் உட்கார்ந்தார்.

"எனக்குக் கேக்கல, ஜெயா."

இத்தனை வருஷத்தில் அவர் 'இல்ல' என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். 'எனக்குக் கேக்கல' என்று சொன்னது அன்றைக்குத்தான். சமாதானமாக ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"மைதானத்துல எல்லாருக்கும் கேட்டிருக்கும், இல்ல?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. "கேட்டுதுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். நான் எதற்கும் தயாராக நின்றேன். கோபம் வரலாம், காரையே மூடிவைத்துவிடலாம். அவர் என்ன செய்தார் தெரியுமா? டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியின் க்ளிப்பைத் தட்டிவிட்டார். "டார்ச்சைக் காட்டு" என்றார்.

உள்ளே நடுவில் ஒரு தண்டு சுற்றும். அதற்கு நான்கு முனை. அந்த முனைகளில் குதிகால் மாதிரி ஒரு சின்னத் துண்டு உரசி உரசித்தான் பாயின்ட் என்கிற ஸ்விட்ச் திறந்து மூடி நெருப்பைப் பிறப்பிக்கிறது. உரசும் இடத்தில் துளி கிரீஸ் இருக்க வேண்டும். இவர் பூஜைக்காகப் பெட்ரோல் போட்டுத் துடைத்ததில் பாதி கிரீஸ் போய்விட்டது. மிச்சம் இருந்ததைத் திருநீறு குடித்துவிட்டது. தண்டின் மேல் சாம்பல் கலரில் வறட்டுப் பொருக்கு. காய்ந்த குதிகால் உரசிக் கத்தியிருக்கிறது, அவ்வளவுதான் வியாதி.

அதைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தாரே ஒரு சிரிப்பு! "பக்தி ஜாஸ்தியாயிடுச்சு, ஜெயா" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. மாடியிலிருந்து ஷைலஜா எட்டிப் பார்க்குமளவுக்கு இரண்டு பேரும் சிரித்தோம்.

துடைத்தார். தீக்குச்சி முனையில் அரிசி அளவு கிரீஸ் எடுத்துத் தடவினார். இன்னும் கொஞ்சம் தாராளமாக வையுங்களேன் என்றேன். ஜாஸ்தி வைத்தால் தெறித்துப் பாயின்ட்டில் பட்டு, வண்டியே கிளம்பாது என்றார். மூடியை மாட்டி ஸ்டார்ட் செய்தார்.

"போச்சா?" என்று என்னைக் கேட்டார்.

குனிந்து கேட்டேன். இன்ஜின் மட்டும்தான் ஓடியது. "போச்சுங்க."

"நல்லா கேளு."

நன்றாகவே கேட்டேன். "சுத்தமா போச்சு." அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று போனை நீட்டினேன். வாங்கவில்லை.

"வேணாம். நீதான் கேட்டுட்டியே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

எனக்கு இவரிடமிருந்து பட்டுப்புடவை வந்திருக்கிறது, வளையல் வந்திருக்கிறது. இந்த ஒரு வார்த்தைக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன்.

அந்த வாரமே காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்றார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். பரிசோதனை செய்த பெண் மிஷினில் ஒவ்வொரு சத்தமாக மாற்றிக்கொண்டே போனார். முதலில் இவர் விரல் சுறுசுறுப்பாக அழுத்தியது. அப்புறம் நிதானமாயிற்று. அப்புறம் அசையவே இல்லை. ஏதோ கேட்டுவிடும் என்று முகத்தை மட்டும் கவனமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வெளியே வந்ததும் அந்தப் பெண் கேட்டார். "கனமான சத்தமெல்லாம் நல்லா கேக்குது சார். மேல போகப் போகத்தான் குறையுது. ஃபேக்டரில வேலை பார்த்தீங்களா?"

"ஆமாம்மா."

"காதுக்கு ஏதாவது போட்டுக்க மாட்டீங்களா?"

"காதை மூடிக்கிட்டா மோட்டாரை எப்படிம்மா கேக்கறது?"

கேட்டுக் கேட்டே காதைக் கொடுத்தவர் என்று அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. இவர் 'போகலாம்' என்று சொன்ன மோட்டார்கள் எந்தெந்த ஊரில், எந்தெந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கின்றனவோ.

காதில் மாட்டும் மிஷினுக்கு அளவெடுத்திருக்கிறார்கள். வரக் கொஞ்ச நாள் ஆகும். அதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது... நந்தி மலைக்கு முந்தைய ஞாயிறு.

போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம், மிஷின் வந்த பிறகு எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவர் சட்டையை அயர்ன் செய்துகொண்டே, "நீயும் கிளம்பு" என்றார். அவ்வளவுதான் பதில்.

மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஹெரால்ட் சத்தமில்லாமல் போய் நின்றதில் கார்த்திக் முகம் மலர்ந்தது. முதல் வண்டி நாகராஜினுடையது, வெள்ளை அம்பாசடர். ஒர்க்‌ஷாப் யோசனை சொன்னாரே, அவரேதான். சங்கடத்தோடு பானெட்டைத் தூக்கிவைத்தார். இவர் ஸ்க்ரூ டிரைவரை வைத்து இன்ஜினைச் சுற்றி வந்தார். டாப்பெட், பேரிங், டைமிங் செயின் எல்லாம் சரி என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"மெல்லிசான சத்தம் எனக்கு இப்பல்லாம் கேக்கறதில்ல நாகராஜ்" என்றார். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. "என் வண்டில கீச்சுன்னு வந்ததே, உங்க எல்லாருக்கும் கேட்டுருக்கும். எனக்குக் கேக்கல. கண்டுபிடிச்சது இவதான். கனமான சத்தம் நான் பாக்கறேன், மெல்லிசு இவ கேப்பா. ரெண்டு பேரும் சரின்னு சொன்னா வண்டி மலை ஏறட்டும். உங்களுக்குச் சம்மதம்னா."

நாகராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீவே பேக்கு மூர்த்தி, பேரே யாரூ பேடா" என்றார். நீங்கள்தான் வேண்டும், வேறு யாரும் வேண்டாம்.

ஊரில் எத்தனை பேர் தங்கள் குறையை மறைக்க மற்றவர்களை முட்டாளாக்குகிறார்கள்! நின்ற இடத்திலேயே, நாலு பேர் முன்னால், தனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த காதைப் பற்றியே 'எனக்குக் கேக்கறதில்ல' என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்? இந்த ஆளை நான் இத்தனை வாரம் வறுத்திருக்கிறேன். இனியும் வறுப்பேன், அது வேறு. ஆனால் அன்றைக்கு அந்த மைதானத்தில் என்னைவிடப் பெருமையான பெண்டாட்டி கிடையாது.

கார்த்திக் ஓரமாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டார். நான் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் இறுக்கமாகச் செருகிக்கொண்டு, இன்ஜினிடம் போய்க் குனிந்தேன். பின்னால் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து, "கொஞ்சம் எல்லாரும் பேசாம இருங்க" என்றேன்.

ஏழெட்டு ஆண்பிள்ளைகள், கப்சிப். என் வீட்டுக்காரர் உட்பட.